பாறு வந்த மத்தியானம்

சுந்தர்ராஜுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. செத்த மாட்டின் தோல் எனக்கு, மீதி அவனுடைய விருந்தாளிக்கு. விருந்தாளி யார் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். பாறு என்கிற அந்தப் பிணந்தின்னிக் கழுகு எங்கள் பக்கம் தலைகாட்டி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

என் பெயர் மஹபூப் பாஷா. வேலூரில் தோல் மண்டி வைத்திருக்கிறேன். கிராமங்களில் பச்சைத்தோல் வாங்கி, உப்புப் போட்டு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அனுப்புகிறவன். சுந்தர்ராஜ் கணியம்பாடிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன், ஜனங்களுக்கு மாட்டு டாக்டர். பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோஸ்த். எதிரே வருகிற சொந்த மச்சானை அடையாளம் தெரியாமல் கடந்து போவான். வானத்தில் ஒரு புள்ளி நகர்ந்தால் மட்டும் அது பருந்தா வல்லூறா என்று சொல்லிவிடுவான்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த பனைமரங்களில் பாறுகள் உட்கார்ந்திருக்கும், கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்களைப் போல. காலையில் போட்ட எருமை சாயங்காலம் வெறும் எலும்பாகக் கிடக்கும். பிறகு மாடுகளுக்கு ஒரு வலி ஊசி வந்தது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறும் செத்தது. இரண்டே நாளில் கழுத்து தொங்கிவிடும். காரணம் தெரிவதற்குள் பனைமரங்கள் காலியாகிவிட்டன. எல்லா மாட்டு டாக்டர்களையும் போல இவனும் அந்த ஊசியைப் போட்டவன்தான். காரணம் தெரிந்த அன்றைக்கு என் மண்டிக்கு வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தவன், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அவன் வாழ்க்கையே அதுதான். மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கெல்லாம் போய், அந்த ஊசி வேண்டாம், வேறு மருந்து இருக்கிறது என்று கெஞ்சினான். மெடிக்கல் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டினான். மாடுகளுக்கு அந்த ஊசியைப் போடக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்ட பிறகும் விடவில்லை. மலையடிவாரத்தில் ஒரு பாறையைப் பிடித்துவைத்து, என் ஆட்கள் தோல் உரித்த மாட்டை அங்கே போடச் சொன்னான். போடுவதற்கு முன் மாட்டுக்காரரை அவனே பார்த்து, என்னென்ன ஊசி போட்டது என்று விசாரிப்பான். சந்தேகம் வந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். அந்தப் பாறைக்கு ஊர் வைத்த பெயர் டாக்டர் மெஸ். "மெஸ்ல இன்னிக்கு யாரு சாப்ட்டாங்க சார்?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "காக்காதான்பா," என்று இவனும் சிரித்துக்கொண்டே சொல்வான்.

பாறுகள் அவன் கனவில் மட்டும் தவறாமல் வந்தன. ஒருநாள் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பின்னால் ஒன்று நின்றதாம். இன்னொரு நாள் பாலாறு நிறையத் தண்ணீர் போக, அதன் நிழல் தண்ணீர் மேல் மெதுவாக மிதந்து போனதாம். பாலாற்றில் தண்ணீரைப் பார்த்ததுமே கனவு என்று தெரிந்துவிட்டது என்பான்.

அதனால் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவன் போன் செய்து, "வந்துடுச்சு பாஷா," என்றபோது, "எங்க, சர்ச்சுக்கா?" என்றேன்.



"பாறைல. முழிச்சிட்டுதான் பேசறேன், வா."

நான் போனபோது புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பைனாகுலரை என்னிடம் கொடுத்தான். வெயிலில் மலையே தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதப்பதுபோல் இருந்தது. காற்று இல்லை, காக்கைகள்கூடக் கத்தவில்லை. உச்சிப் பாறையில் அது உட்கார்ந்திருந்தது. கருத்த உடம்பு, மொட்டைத் தலை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகு இரண்டையும் விரித்து வெயிலுக்குக் காட்டியது. உள்ளே அத்தனை வெள்ளை. ஒரு தோலைக் கையில் எடுத்தால் உண்ணிக்கடியும் கத்திக் கீறலும்தான் முதலில் என் கண்ணில் படும், குறை தேடியே பழகின கண் இது. அந்தப் பறவையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"மாயார் காட்டுப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும், அங்கதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு. எவ்ளோ தூரம் பாரு," என்றான். "உடனே எறங்காது. நல்லா பாத்துட்டுதான் எறங்கும்."

"எறங்கட்டும். அவசரம் இன்னா?"

கீழே தோல் உரித்த பசு கிடந்தது. "யாரோட மாடு?" என்று கேட்டான். முந்தின நாள் இவன் ராணிப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். என் ஆள் காசிநாதன்தான் மாட்டைக் கொண்டுவந்து போட்டிருந்தான்.

"அன்னம்மாளோடது. நீ பாத்து வளத்த மாடுதானேன்னு காசிநாதன் விசாரிக்காம போட்டுட்டான்."

"அன்னம்மாளா? என்னைக் கேக்காம ஒரு மாத்திர குடுக்க மாட்டாங்க," என்று சொல்லி மரத்தில் சாய்ந்துகொண்டான். அவன் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததே இல்லை.  பறவை ஒரு பாறை கீழே இறங்கியது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை, எனக்குத் தூக்கம் வருவதுபோலவும் இருந்தது, வாழ்நாளில் அவ்வளவு விழித்திருந்ததில்லை போலவும் இருந்தது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அன்னம்மாள் அந்த வழியாக வந்தாள். இவனைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போய்ட்டா சார். கால் வீங்கி ராவும் பகலும் ஒரே கத்தல். நீங்க வேற கல்யாணத்துக்குப் போய்ட்டீங்கன்னாங்க. பாக்க முடியல. மருமவன்தான் மெடிக்கல்ல சொல்லி, மனுசங்களுக்குப் போடற ஊசி வாங்கியாந்து போட்டான். போட்டப்புறம் கத்தாம படுத்தா, பாவம்."

"இன்னா ஊசி?"

பெயர் அவளுக்குத் தெரியவில்லை. மருமகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். இவன் காதில் வைத்துக் கேட்டான். எந்த ஊசியை ஒழிக்க அலைந்தானோ அதே மருந்து, மனிதர்களுக்கான பாட்டிலில். போனைத் திருப்பிக் கொடுத்து, "பரவால்லமா, வலின்னுதானே போட்டீங்க," என்றான். அவள் மேல் எனக்கு வந்த கோபம்கூட அவனுக்கு வரவில்லை.

பறவை சதையில் வாய் வைத்தால் அதோடு சரி. அதற்குள் அது தரையில் இறங்கி, பசுவுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டது.

சுந்தர்ராஜ் எழுந்து நடந்தான். முதலில், காயப்போட்ட நெல்லிலிருந்து கோழியை விரட்டுவதுபோல் மெதுவாகக் கை தட்டினான். பறவை அவனைப் பார்த்தது, நகரவில்லை. அவன் ஓடினான். செருப்பைக் கழற்றி வீசினான். அது கனமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உச்சிப் பாறையிலேயே உட்கார்ந்தது. பசி போலிருக்கிறது. நான் பஞ்சாயத்து ஜேசிபிக்காரருக்குப் போன் செய்தேன், வேலை முடிந்து வர நேரமாகும் என்றார். அதுவரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் பசுவைச் சுற்றி நின்றோம். பறவை இறங்க இறங்க விரட்டினோம். அன்னம்மாள் முந்தானையை வீசிக்கொண்டே அழுதாள். சுந்தர்ராஜ் கல்லை எடுத்தான். "போய்டு ராஜா, போய்டு," என்று கத்திக்கொண்டே எறிந்தான். ஒரு கல் சிறகுக்குப் பக்கத்தில் போனபோது அவனே பதறி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து அடுத்த கல்லை எடுத்தான். 

ஜேசிபி வந்து குழி வெட்டி மண்ணை மூடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பறவை தலைக்கு மேலே உயர உயரச் சுற்றியது. அதன் நிழல் ஒருமுறை எங்கள்மேல் விழுந்து நகர்ந்தது. பிறகு சூரியன் இருந்த பக்கமாகச் சிறகை அசைக்காமல் போய்விட்டது.

ராத்திரி அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி கிரேஸி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், எத்தனையோ பேர் சாப்பிட மறுப்பதைப் பார்த்தவள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிய தட்டை இருவருக்கும் வைத்துவிட்டு, கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சோற்றைத் தொடவில்லை.

"பசியோட அனுப்பிட்டேன் கிரேஸி. அவ்ளோ தூரம் வந்துச்சு. கல்லால அடிச்சு அனுப்பிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வருமா?"

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

கிரேஸி அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் பாத்ததே இல்லியே," என்றாள். "எவ்ளோ பெருசு இருந்துச்சுங்க?"

 அவன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தான். முடிந்தமட்டும் விரித்துப் பார்த்தும் அவனுக்குத் திருப்தி வரவில்லை.

"பத்தல," என்றான். "பாஷா, நீயும் வந்து நில்லு."

நான் போய் அவன் தோளோடு தோள் ஒட்டி நின்று, என் பக்கத்துக் கையை நீட்டினேன். அவன் மறுபக்கத்துக் கையை நீட்டினான். கிரேஸி ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். எனக்குக் கை வலித்தது, ஆனாலும் அவன் கையைக் கீழே விடும்வரை நான் விடவில்லை.