இரண்டு பேர் பின்னிய போர்வை

மாமியாருக்கு இறுக்கமான கை, மருமகளுக்குத் தளர்ந்த கை. ஒரே உல்லன் நூல், ஒரே அளவுக் கொக்கி ஊசி. ஆனாலும் போர்வைக்காக மாமியார் பின்னிய பூச்சதுரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மருமகள் போட்டது விரல்களைத் தாண்டி வழியும்.

"உன் பூ வாயைத் தொறந்துட்டுத் தூங்குதுடி" என்பாள் மாமியார்.

"உங்க பூ பல்லைக் கடிச்சிட்டு நிக்குது அத்தை."

ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பஞ்சாயத்து தீரும். சதுரங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, தெர்மோகோல் பலகையில் அளவுகோல் வைத்து இழுத்து, மூலைகளிலும் ஓரங்களிலும் குண்டூசி குத்திவிடுவார்கள். காய்ந்து எடுக்கும்போது எல்லாப் பூவும் ஒரே அளவில் மலர்ந்திருக்கும்.

மகனும் மருமகளும் படுக்கும் கட்டிலுக்கென்றுதான் இந்தப் போர்வையை ஆரம்பித்தார்கள். பாதி சதுரங்கள் சேர்வதற்குள் மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான், கூட வேலை பார்த்த ஒருத்தியோடு. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, வேலை மாறுகிற விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னான். "நீயும் வந்துடும்மா" என்று தாயையும் கூப்பிட்டான்.

"எந்த மூஞ்சியை வெச்சிட்டுடா கூப்பிடறே? நான் இவகூடத்தான் இருப்பேன்" என்றாள் அவள்.

பெற்ற பிள்ளையை விட்டு மருமகள் பக்கம் நின்றவள் என்று உறவுக்காரர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அவளுக்கும் உள்ளூர அதில் பெருமைதான். பின்னலும் நிற்கவில்லை. இனி எந்தக் கட்டிலுக்கு என்று ஒருத்தியும் மற்றவளைக் கேட்கவில்லை. கையைச் சும்மா வைத்திருந்தால் நினைப்பு எங்கெங்கோ ஓடியது, அதனால் பின்னினார்கள்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இந்த வீட்டு வாடகை ஒரு சம்பளத்துக்குத் தாங்காது என்று கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்து வந்தாள். மாமியார் அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பெரிய பாத்திரங்களை யாருக்குக் கொடுப்பது, தையல் மிஷினை எந்த மூலையில் போடுவது என்று வாய் ஓயாமல் பேசினாள். மருமகள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறும் பலகையை மேஜையில் போட்டார்கள். மாமியார் ஈரச் சதுரத்தை இழுத்துப் பிடித்தாள், மருமகள் ஊசி குத்தினாள்.

"அங்க வெயில் எந்தப் பக்கம் வரும்? பலகையை வைக்க ஒரு ஜன்னல் வேணுமே."

மருமகள் கையிலிருந்த ஊசியை டப்பாவில் போட்டாள்.

"அத்தை, நான் தனியாப் போறேன்."

"தனியான்னா?"

"தனியாத்தான்."

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. "நான் என்னடி பண்ணேன்? உனக்காகப் பெத்த புள்ளையையே வேணாம்னு..."

"சின்ன ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அவர்கிட்ட போன்ல பேசறீங்களே அத்தை. சாப்பிட்டியா, இருமல் நின்னுச்சான்னு கேக்கறீங்க. எனக்குக் கேக்குது."

கதவைச் சாத்தினால் போதும் என்று நினைத்திருந்தாள்.

"பேசாதீங்கன்னு நான் சொல்லல" என்றாள் மருமகள். "நீங்க அவரோட அம்மா. பேசாம இருந்தாத்தான் தப்பு. ஆனா அந்தக் கதவுக்கு வெளியில என்னால உக்காந்திருக்க முடியல. நீங்க நல்லவங்களா இருக்கறதால இத்தனை நாளா சொல்ல வாய் வரல."

"இனிமே பேச மாட்டேன்."

"பேசுவீங்க அத்தை."

அது உண்மை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மருமகள் அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் நின்றாள். பிறகு, "ஈரம் காஞ்சா கோணிக்கும்" என்று முணுமுணுத்தபடி அடுத்த சதுரத்தைத் தானே இழுத்துப் பார்த்தாள். ஒரு ஆளால் அது முடியாது. மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள். மிச்சத்தையும் குத்தி முடித்தார்கள்.

வீட்டைக் காலி செய்த அன்று சதுரங்கள் இருந்த பையை இருவரும் ஒருத்தியிடம் ஒருத்தி தள்ளினார்கள். "நீங்களே இணைச்சு வைங்க அத்தை, குளிர் வந்தா வந்து வாங்கிக்கறேன்" என்றாள் மருமகள். தெருமுனை வரை கூட வந்து மாமியாரை வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி கிளம்பும்போது இரண்டு பேரும் அழுதார்கள்.

மாமியார் தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகன் வந்து கூப்பிட்டான். இவள் போகவில்லை, ஆனால் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு குளிர்ந்தது. அதை நினைத்து அப்புறம் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

போர்வையை இணைத்து முடித்தாள். மருமகளிடம் போனில் சொன்னாள். "வரேன் அத்தை" என்று பதில் வந்தது. குளிர் வந்தது, போனது, அவள் வரவில்லை. அடுத்த குளிரில் தங்கை புருஷன் முட்டிவலி தாங்காமல் போர்த்திக்கொள்ள ஏதாவது கேட்டார். அவருக்கு எடுத்துக் கொடுத்தாள்.

மருமகளின் பிறந்தநாளன்று போன் செய்தாள். வெகுநேரம் மணி அடித்த பிறகே அவள் எடுத்தாள்.

"நல்லா இருக்கேன் அத்தை. நீங்க?"

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்."

பின்னால் ஓர் ஆண்குரல், டீத்தூள் எங்கே என்று கேட்டது. மருமகள் போனைக் கையால் பொத்திப் பதில் சொன்னது மங்கலாகக் கேட்டது. திரும்ப வந்தபோது அவள் பேச்சில் ஒரு தயக்கம். ஏதோ சொல்ல நினைப்பது போலிருந்தது.

மாமியார் சொல்லவிடவில்லை. "கடைக்குப் போற நாளாச்சே, வேலையைப் பாரு. நல்லா இருடி" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு துணை கிடைத்ததில் இவளுக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் இனி அந்த வீட்டில் தனக்கு எந்த உறவும் இல்லை என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வந்தது.

"மருமக எப்படி இருக்கா?" என்று உள்ளேயிருந்து தங்கை கேட்டாள்.

"நல்லா இருக்கா" என்றாள். உடனே எழுந்து, காயப்போட்ட துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.