கோரை ஓடையில் மஞ்சள் ரிப்பன்

மீன் பிடிக்கப் போகிறவனுக்கு ஒரு நாள் மீன் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. மீனை எண்ணப் போகிறவளுக்கு நாள் தவறாமல் கிடைப்பது சேற்றுப்புண் ஒன்றுதான். மலர்க்கொடி இரண்டு மழைக்காலமாக அதைக் காலில் வாங்கிக்கொண்டு திரிந்தாள். ராத்திரி படுத்தால் கால்விரல் இடுக்குகள் எரியும். காலையில் எழுந்து அதே ஈரச் செருப்பில் அதே காலை நுழைக்க வேண்டும்.

குமராட்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துத் தண்ணீர் ஏறி வருகிற கோரை ஓடைதான் அவளுடைய ஆபீஸ். ஐப்பசி மழை கொட்டி ஓடையில் புதுத் தண்ணீர் வந்ததும் சினை விரால்கள் கரையோரம் ஒதுங்கும். பாசியையும் கோரையையும் விலக்கி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். முட்டை பொரிந்து குஞ்சுகள் தலையெடுக்கும்வரை தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் கிடக்கும். அந்தக் கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்துக் கோரையில் நம்பர் எழுதிய மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கட்ட வேண்டும். அப்புறம் அடிக்கடி போய், காவல் மீன் இருக்கிறதா, குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். இந்த வேலைக்குக் கள உதவியாளர் என்று பெயர். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'மீன் டீச்சர்' என்றார்கள்.

மாமியார் ராமாமிர்தத்துக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏன்டி, மீன எண்ணி என்னா பண்ணப்போறாங்க? எண்ணுனா ஜாஸ்தியா ஆயிடுமா?"

மலர்க்கொடி விலங்கியல் படித்தவள்தான். ஆனாலும் மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது அவளுக்கும் இதே கேள்விதான் வரும்.

போன வருஷம் பரவாயில்லை. வெள்ளம் வந்து ரிப்பன்களை அடித்துக்கொண்டு போனாலும் மீன்கள் இருந்தன. இந்த 2009-ஆம் வருஷம்தான் ஓடைக்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. இன்றைக்குக் கூட்டைப் பார்த்து ரிப்பன் கட்டிவிட்டு வருவாள். அடுத்த தடவை போனால் காவல் மீன் இருக்காது. காவல் போனால் அப்புறம் என்ன, குஞ்சுகளைக் குறவையும் கெளுத்தியும் ஒரே நாளில் துடைத்துவிடும். பூச்சிமருந்தாக இருக்குமோ, இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்களே அதுவோ, நீர்க்காக்கையோ என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் பதினாலாம் நம்பர் ஒன்றுதான் மிஞ்சியது.

அது மிஞ்சினால்தான் அவளுக்கு வேலை. சிதம்பரம் ஆபீஸில் திட்ட அதிகாரி தில்லைநாதன் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். காவல் மீனோடு ஒரு கூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஓடையில் ஒன்றுமில்லை என்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் புருஷன் தேவநாதன் கண்டக்டராக ஓடிய மினிபஸ்ஸை முதலாளி விற்றுவிட்ட நேரம். வீட்டில் அடுப்பு எரிவது இந்த மஞ்சள் ரிப்பனால்தான்.

இப்படி இருக்கும்போது புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? வியாழக்கிழமை பகல் முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். சாயங்காலம் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. சிங்காரத்தின் குரல். ஓடைக்கரைத் தெருவில் இருக்கிறவன். அறுப்பு நடவு இருந்தால் வயலில் இருப்பான், இல்லாவிட்டால் தூண்டிலோடு தண்ணீரில் இருப்பான்.

"தங்கச்சிக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. வெராவு ஒண்ணு கொண்டாந்தேன். மொளவு ஜாஸ்தியா போட்டுக் கொழம்பு வச்சிக் குடுங்க, காய்ச்சல் ஓடியே போயிடும்."

"அய்யய்ய, எதுக்குப்பா இதெல்லாம்? எவ்ளோன்னு சொல்லு" என்றாள் ராமாமிர்தம். குரலில் வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"காசா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவுங்க புண்ணியத்துலதான் இந்த வருஷம் எங்க தெருவுல வெரா கொழம்பு கொதிக்குது. அவுங்களுக்கு ஒண்ணு குடுக்கலன்னா அடுக்குமா?"

போர்வைக்குள் மலர்க்கொடிக்குக் காது சில்லிட்டது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

சிங்காரத்தின் கையில் விரால் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம். உயிரோடுதான் இருந்தது, வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் வழியாக ஒரு மஞ்சள் ரிப்பனைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தான். ரிப்பனில் அவள் கையெழுத்தில், அவள் மார்க்கர் பேனாவில், பதினாலு என்று இருந்தது.

"எங்கண்ணே புடிச்சீங்க இத?"

"என்னா தங்கச்சி இப்புடிக் கேட்டுட்ட? நீ கட்டுன எடத்துலதான்! குட்டித் தவளையக் கோத்து மொகத்துக்கு நேரா உட்டேன், கோவமா வந்து லபக்குனு கவ்விக்கிச்சு. வருஷா வருஷம் இந்தக் கோரைக்குள்ள எங்க கெடக்குதுன்னு தேடியே செத்துப்போவோம். இந்த வருஷம் நேரா ரிப்பனப் பாத்துப் போறோம், எடுத்துக்கினு வந்துடுறோம்."

மலர்க்கொடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பூச்சிமருந்தாம், நீர்க்காக்கையாம்! ஓடையில் இருந்த காவல் மீன்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தது அவளேதான். காய்ச்சலோடு காய்ச்சலாக அழுகையும் பொங்கி வந்தது.

"அந்த ரிப்பன் எதுக்குன்னு நெனச்சீங்க?"

சிங்காரம் முழித்தான். "எதுக்கு? எங்களுக்குத்தான். சுனாமிக்கு அப்பறம் கரையோரத்துல ஆபீசருங்க வந்து வூட்டு வூட்டுக்கு நம்பர் போட்டாங்க, பின்னாலயே வலையும் படகும் வந்துது. போன வருஷ வெள்ளத்துல எங்க சொவத்துலயும் நம்பர் போட்டாங்க, அரிசி வந்துது. நம்பர் போட்டா ஏதோ வரும்னு அர்த்தம். நீ ஓடையில நம்பர் போட்ட. சரி, குடுக்கக் காசு பணம் இல்ல, மீனாவது எடுத்துக்கட்டும்னு கவருமெண்டு காட்டுதுன்னு நெனச்சோம்."

இதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? அவள் திட்டவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அது காவல் மீன் என்றும், அடியில் குஞ்சுகள் இருக்கின்றன என்றும், காவலை எடுத்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு விராலே இருக்காது என்றும் சொன்னாள். நாளைக்கு ஆபீசர்கள் வரப்போவதையும், அவள் வேலை இந்த மீனில் தொங்குவதையும் சொன்னாள்.

சிங்காரத்தின் முகம் செத்துப்போனது. கையில் தொங்கிய மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நீ ஒரு வார்த்த சொல்லலியே, தங்கச்சி. ரெண்டு வருஷமா எங்க கரைமேலதான் போற, வர. சாப்பிட்டீங்களான்னு கேக்குற. இத மட்டும் சொல்லலியே."

சொல்லவில்லைதான். ஆபீஸில் யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"அத்த, கொடத்துல தண்ணி கொண்டாங்க" என்றாள்.

"அடிப் பாவி! புளி ஊற வச்சிட்டேன்டி!"

"ரசம் வைங்க."

தேவநாதன் டி.வி.எஸ். வண்டியை எடுத்தான். அவள் பின்னால் குடத்தை மடியில் அணைத்து உட்கார்ந்துகொண்டாள். குடத்துக்குள் மீன் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் தெறித்துப் புடவை நனைந்தது. சிங்காரம் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் ஓடையில் இறங்கி, பதினாலாம் நம்பர் இருந்த இடத்தில் குடத்தைச் சாய்த்தாள். செவுளில் ரிப்பன் அறுத்த இடம் சிவந்திருந்தது. மீன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் வாலை அசைத்துக் கோரைக்குள் போய்விட்டது. குஞ்சுகள் ஒன்றும் கண்ணில் படவில்லை.

"குஞ்சுங்களத் தேடிப் போவுமா?" என்றான் சிங்காரம். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தான்.

"தெரியலண்ணே."

வீட்டுக்கு வந்ததும் தில்லைநாதனுக்குப் போன் போட்டாள். ரிப்பன்தான் மீனுக்கு எமன் என்று சொன்னாள். நாளைக்குச் சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் சார் என்று கெஞ்சினாள். அவர் கெட்டவர் இல்லை, அவரும் அலுத்துப் போனவர்தான்.

"மலர்க்கொடி, ரிப்பன் நம்பரோட போட்டோ இல்லன்னா அவுங்க எப்பிடிம்மா நம்புவாங்க? ரெண்டு ஜீப்புல வராங்க, சாயங்காலமே ட்ரெயினு. அவுங்க கண்ணு முன்னால ஒரு கூட்டக் காட்டி ரிப்பனக் கட்டிடு, போதும். மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை அவர்கள் வருவதற்கு முன்பே அவள் ஓடைக்குப் போய்விட்டாள். தலை கனத்தது. உடம்பில் ஒட்டின சூடு தண்ணீரில் இறங்கியும் அடங்கவில்லை. அசையாமல் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. போனது போனதுதான் என்று திரும்பப் போகும்போது, பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் உலை கொதிக்கிற மாதிரி குமிழியிட்டது. சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கின. அவற்றுக்கு அடியில் ஒரு கறுத்த முதுகு மெல்லத் திரும்பியது. நேற்றுக் குடத்தில் வந்ததா, அதன் ஜோடியா என்று சொல்ல முடியாது. எதுவாக இருந்தால் என்ன, காவல் இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் எரிச்சல்கூட மறந்துபோனது.

அந்தச் சந்தோஷம் ஜீப் சத்தம் கேட்கும்வரைதான். இரண்டு ஜீப்புகளுக்குப் பின்னால் சைக்கிள் மணிகள். மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் ஊத்தாவும் தூண்டிலுமாக ஓடைக்கரைத் தெருவே கிளம்பி வந்திருந்தது. சிங்காரம் ஒருத்தன் நேற்றே போய்க் காவல் மீனைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தானாம், யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

"டேய், ஆபீசருங்களே வந்துட்டாங்க! பெரிய ரிப்பனாக் கட்டப்போறாங்கடா" என்று ஒருவன் கூவினான்.

புது கம்பூட்ஸ் போட்ட மெட்ராஸ்காரர்கள் வழுக்கி வழுக்கித் தண்ணீரில் இறங்கினார்கள். கேமரா தயாராக இருந்தது. தில்லைநாதன் ஆவலாக அவளைப் பார்த்தார்.

"எங்கம்மா?"

ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டினால் இரண்டு வருஷம் சம்பளம். நீட்டினால் ஜீப் சத்தம் அடங்குவதற்குள் அத்தனை ஊத்தாவும் அந்த இடத்தில் விழும். அவள் முந்தானையில் முடிந்திருந்த ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். இதைக் கட்டு, மறுபடி கட்டு, அடுத்த வருஷமும் கட்டு. சேற்றுப்புண்ணோடு தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகத் தூண்டிலுக்குக் காட்டிக் கொடு. நினைக்கும்போதே கையெல்லாம் சோர்ந்தது. பெரிய தியாகம், அது இது என்று யாரும் அவளைத் தூக்கிவைத்துப் பேச வேண்டாம். பாதி மீனுக்காக, பாதி அலுப்பு. அவ்வளவுதான்.

"போச்சு சார்" என்றாள். "பதினாலும் போச்சு. ஓடையில ஒண்ணுமில்ல."

தில்லைநாதனின் தோள் இறங்கியது. கம்பூட்ஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான், அவர்கள் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, தண்ணீர் குமிழியிட்டது. சிவப்புக் குஞ்சுகள் மொத்தமும் மேலே வந்தன.

மலர்க்கொடி அதைப் பார்க்காத மாதிரி கரைப் பக்கம் திரும்பினாள். கரையில் மற்றவர்கள் கண்ணெல்லாம் ஜீப்பிலும் கேமராவிலும் இருந்தது. ஒருவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்காரம். அவன் பார்த்துவிட்டான். அவளைப் பார்த்தான், மறுபடி தண்ணீரைப் பார்த்தான். கையில் தூண்டில் இருந்தது.

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றாங்கல்ல!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "என்னாத்த வேடிக்க பாக்குறீங்க? நேத்து கடைசி வெராவ நான்தான் புடிச்சித் தின்னேன். போங்கடா, போய் வேலையப் பாருங்க."

அவனே முதலில் சைக்கிளைத் திருப்பினான். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் கலைந்தார்கள். தில்லைநாதன் ஜீப்பில் ஏறும்போது, "மிச்ச ரிப்பன் இருந்தா ஆபீஸ்ல ஒப்படைச்சிடும்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தேவநாதன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான்.

"என்னா ஆச்சு?"

"வேலை போச்சு மாமா."

அவன் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"காய்ச்சல்?"

"அது போவல."

அவன் வெந்நீர் வைக்க உள்ளே போனான்.