நீல ரிப்பன் தீர்ந்தது

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்பு, நாலு இருபதுக்குப் பலூனை உடைப்பது என்று மனுவேல் முடிவு செய்திருந்தான். காலையில் மாதா கோயிலில் பூசைக்குப் போய்வந்தவன்தான். ஆனால் நல்ல காரியத்துக்கு ராகு காலம் ஆகாது என்பதில் அவன் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் போன் திருத்தும் கடை அவனுடையது. மாடியில் வீடு. மனைவி யோசப்பினுக்கு ஏழாம் மாதம். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பலூன் உடைத்து அறிவிக்கும் அமெரிக்க வீடியோக்களை மனுவேல் மாதக்கணக்கில் பார்த்திருந்தான். நீலத் தாள் கொட்டினால் ஆண். ரோஸ் கொட்டினால் பெண். எது கொட்டினாலும் அந்த அப்பாக்கள் துள்ளினார்கள். அவனுக்கும் அப்படி ஒரு வீடியோ வேண்டும்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் முடிவை ஒரு கவருக்குள் வைத்து ஒட்டித் தந்தார்கள். அதைப் பிரிக்காமல் கண்டியில் பலூன் கடையில் கொடுத்தான்.

நிறத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குத் தரும் கிளினிக் அட்டை பெண் என்றால் ரோஸ், ஆண் என்றால் நீலம். அதை அறியாத தாய் இங்கே இல்லை. வாசலில் ஒரு தட்டில் இரண்டு நிறத்திலும் ரிப்பன் இருந்தது. வருகிறவர்கள் தாங்கள் ஊகிக்கும் நிறத்தை எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டும். மனுவேலின் அக்கா டொரதி முதல் ஆளாக நீலத்தை எடுத்தாள். ரோஸைக் குத்தினால் தம்பி சோறு போடமாட்டான் என்றாள். சிரித்துக்கொண்டே எல்லாரும் நீலத்தை எடுத்தார்கள். நாலு மணிக்கு நீலம் தீர்ந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் ரிப்பன் இல்லாமலே நின்றார்கள்.

யோசப்பின் தட்டைப் பார்த்தாள். ரோஸ் ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டாள்.

நாலு இருபது. கூட்டாளி தாஸிம் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். மனுவேல் ஊசியால் குத்தினான். அவன் தலையில் ரோஸ் தாள் கொட்டியது.

அவன் துள்ளவில்லை. ஊசி பிடித்த கை தொங்கியது.

"கடக்காரன் கவர மாத்திட்டானோ?" என்றான்.

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். மனுவேல் பலூன் கடைக்குப் போனில் பேசினான். கவரில் எழுதியிருந்ததைத்தான் போட்டோம் என்றார்கள். முதல் பிள்ளைதானே, அடுத்ததைப் பார்ப்போம் என்று டொரதி சாவு வீட்டுக் குரலில் ஆறுதல் சொன்னாள்.

அதற்குள் மனுவேல் சுதாரித்துக்கொண்டான். மிச்சம் ஒரு பலூன் இருந்தது. எடுத்ததை அழித்துவிட்டு இன்னொரு தரம் எடுப்போம் என்றான். அதில் போட டொரதி தரையில் கிடந்த ரோஸ் தாளைக் கூட்டி அள்ளினாள். வந்தவர்கள் பழையபடி வரிசையில் நின்றார்கள். ராகு காலத்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

யோசப்பின் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அழிக்காதீங்க, தாஸிம் நானா. எனக்குக் காட்டுங்க."

தாஸிம் மனுவேலைப் பார்த்தான். பிறகு போனை அவளிடம் கொடுத்தான். அவள் முழுவதையும் பார்த்தாள். கவர மாத்திட்டானோ என்ற குரல் போனிலிருந்து இன்னொரு தரம் கேட்டது.

"நேரம் போகுது, எழும்பு," என்றான் மனுவேல். "இந்தத் தடவ துள்ளுறேன். அவங்க மாதிரியே துள்ளுறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பேசுவதுபோலப் பேசினாள்.

"அடுத்தவங்க கொண்டாட்டத்த எடுத்துக்கிறது தப்பில்லங்க. பலூன், கேக், ரிப்பன் எல்லாம் கடையில கெடைக்கும். பொம்பளப் புள்ளய வான்னு கூப்பிடுற மனசு கடையில கெடைக்காது. அத நாமதான் உண்டாக்கணும். அது இல்லாம எத்தன பலூன் ஒடச்சாலும் இந்த மூஞ்சிதான் தெரியும்."

போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி அவளக் கொண்டாந்து ஒங்க கையில குடுப்பாங்க. அங்க ரெண்டாந் தரம் எடுக்க ஏலாது. அப்ப எந்த மூஞ்சியோட அவள வாங்குவீங்க?"