உண்ணிக்கு ராசி தெரியாது

"அங்கேயே நில்லு. கொட்டகைக்குள்ள காலை வைக்காதே!"

மாமியார் போட்ட சத்தத்தில் மூத்த மருமகள் வாசலிலேயே நின்றாள். உண்ணிக் காய்ச்சலில் செத்த கன்றை வெளியே சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். புருஷனை இழந்து இரண்டு வருஷமான இவளுடைய ராசிதான் காரணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கால்நடை ஆய்வுக்கூடத்தில் இவள் புட்டி கழுவுகிறாள் என்பது மாமியாரின் நினைப்பு.

"மருந்து அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம் அண்ணி. அப்பவும் உண்ணி சாகலைன்னா வேற என்ன சொல்றது?" என்றான் கொழுந்தன். எட்டு வருஷமாக ஒரே மருந்து. அதிலும் பாதி தண்ணீர்.

அவள் கன்றின் காதடியில் கொழுத்திருந்த உண்ணிகளை மாத்திரை டப்பாவில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். அதே மருந்தில் முக்கியெடுத்த இருபதில் பதினெட்டு மறுநாளும் நடந்தன. பிழைத்தவற்றை அரைத்துச் சோதித்தாள். விஷத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று, சாதாரண உண்ணியில் இருப்பதைப் போல ஆறு மடங்கு இருந்தது. மருந்து நரம்புக்குப் போய்ச் சேருமுன்பே உடம்புக்குள் செல்லாக்காசாகிவிடுகிறது. அரைகுறை மருந்தில் சோப்ளாங்கிகள் செத்துப்போக, தாக்குப்பிடித்தவை வம்சம் பெருக்கியிருந்தன.

"உண்ணிக்கு ராசியெல்லாம் தெரியாது அத்தை. நம்ம மருந்தைச் செரிக்கக் கத்துக்கிச்சு. வேற வகை மருந்து வாங்கி, முழு அளவுல அடிக்கணும்."

"கன்னுக்குட்டியை முழுங்கிட்டுக் கதை வேற சொல்றா!"

அடுத்த வாரம் அதே சேதி தபாலில் வந்தது. ஆய்வுக்கூடத்தின் தாள், முத்திரை, கீழே 'தலைமை ஆய்வாளர்' என்று கையெழுத்து. கையெழுத்து இவளுடையதுதான், கிறுக்கலில் யாருக்கும் விளங்கவில்லை. கொழுந்தன் உரக்கப் படிக்க, மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"படிச்சவர் படிச்சவர்தான்!"

மருந்து மாறியது. ஒன்றரை மாதத்தில் மாடுகளின் காது சுத்தமானது.

"அந்த டாக்டரை ஒருநாள் கூட்டிட்டு வாயேன். கொட்டகையைப் பாக்கட்டும்," என்றாள் மாமியார், முதல்முறையாகக் குரலைத் தணித்து.

"நாளைக்கே வரச் சொல்றேன் அத்தை."

மறுநாள் காலை கொட்டகையைக் கழுவி நாற்காலி போட்டார்கள். எட்டு மணிக்கு மருமகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள்.

"ஏய், டாக்டர் வர்ற நேரத்துல எங்க நுழையிற?"

"நீங்கதானே அத்தை கூப்பிட்டீங்க. வந்துட்டேன்."

கொழுந்தன் ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். அவன் முகம் வெளுத்தது. "அம்மா... எழுதினது அண்ணிதான்."

மருமகள் முதல் மாட்டின் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாட்டிடம் போனாள்.

மாமியார் மகனின் காதோரம் குனிந்து கேட்டாள்:

"அப்போ அந்த மருந்தை நிறுத்திடலாமாடா?"