தோளில் ஒரு கை

கறுப்பு மை என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிறு பற்றி எரியும். வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டு ஹோலின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற பிரிண்டர் நாலடி அகலத்துக்குப் படம் அடிக்கும். ஆறு நிற மையும் குடிக்கும். இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலத்தில் ஒரு போத்தல் கறுப்புக்காக நுகேகொடையில் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். சாமான் திரும்ப வந்துவிட்டது, விலை மட்டும் இறங்கவே இல்லை. அடிக்காமல் விட்டாலும் காய்ந்துபோகும், அடித்தாலும் தீர்ந்துபோகும், சனியன்! அதைத் திட்டாமல் நான் காலைத் தேத்தண்ணி குடித்ததில்லை.

அதனால் மை மிச்சம் பிடிக்க எனக்கென்று சில வழிகள் வைத்திருந்தேன். அதில் பெரியது வெள்ளைப் பின்னணி. வெள்ளைக்கு மை வேண்டாம், தாளே வெள்ளைதானே. எனக்குச் செத்தவீட்டுப் படங்கள்தான் அதிகம் வரும். கல்யாணக்காரன் நிறம் குறைந்தால் சண்டைக்கு வருவான். செத்தவர் வருவாரா? ஆளைச் சுற்றியிருக்கிற இருட்டு, சுவர், திரைச்சீலை எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் துடைத்துவிட்டு, “தெய்வீகமாய் இருக்குதெல்லே?” என்று கொடுப்பேன். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

நேசம் அன்ரி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய கணவர் கிளெமென்ற் காலமாகி அப்போது மூன்று கிழமை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெரிய படம் வேண்டுமாம். பிளாஸ்டிக் உறைக்குள் இன்னோர் உறை போட்டு வைத்திருந்த பழைய படமொன்றை எடுத்து நீட்டினார். கறுப்புக் கோட்டு, பின்னால் கறுப்புத் திரை. அரைப் போத்தல் மை போய்விடுமே!

“தோள்ல ஒரு கை இருக்குது பாருங்க தம்பி. அது எங்கட மகள் றஷ்மி. பத்தொன்பது வயசில டெங்கு காய்ச்சல்ல போயிட்டா.”

நான் தலையாட்டினேன்.

“வத்தளையில இருக்கக்குள்ள வெள்ளம் வந்து எல்லாப் படமும் போச்சு. இது ஒண்டுதான் தங்கச்சி வீட்டில இருந்திச்சு. பிரேமுக்கு அளவில்ல எண்டு அவ ஓரத்தை வெட்டிட்டா. பிள்ளையில மிச்சம் அந்தக் கை மட்டும்தான். வேற எதை விட்டாலும் அந்தக் கையை விட்டுடாதீங்க.”

“ஓம் அன்ரி, ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்.”

சொன்னேன்தான். என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கறுப்புத் திரை.

அவர் போனதும் படத்தை ஸ்கான் செய்து, பின்னாலிருந்த கறுப்புத் திரையைத் துடைத்தேன். வெள்ளைக்கு நடுவில், மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு கை தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. திரையைத் திரும்பக் கொண்டுவந்தால் மை. அழுது வீங்கின கண்ணோடு கிழவி எதைக் கவனிக்கப் போகிறாள் என்று கையையும் துடைத்தேன். பழைய பிரதியை வைத்திருக்கவும் இல்லை, அதன் மேலேயே சேவ் பண்ணினேன். ஆமாம், அப்படித்தான் செய்தேன்.

அடுத்த நாள் பிரிண்டர், கழிவு மைப் பெட்டி நிறைந்துவிட்டது என்று கத்தத் தொடங்கியது. பிரிண்டர் தன்னைக் கழுவிக் கழுவி வெளியே தள்ளுகிற மையெல்லாம் சேர்கிற பெட்டி அது. புத்தியுள்ளவன் புதிது வாங்குவான். நான் பழையதைத் திறந்து, உள்ளே இருக்கிற பஞ்சைப் பிழிந்து கழுவித் திரும்பப் போடுவேன். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துத் திறக்கும்போது கை வழுக்கியது. அத்தனை கறுப்பும் மேசையில் ஓடியது. உறைக்குள் திரும்பப் போடாமல் நான் அங்கேயே விட்டிருந்த நேசம் அன்ரியின் படம் அதில் மூழ்கிப் போனது. ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். கிளெமென்றும் அந்தக் கையும் சேர்ந்தே அழிந்தார்கள்.

“போய் உண்மையைச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி தாரிகா.

“உனக்கென்ன விசரே?”

என்னிடம் மிஞ்சியிருந்தது கையில்லாத கிளெமென்ற்தான். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் மிதுனாவைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பதினெட்டு. என் தோளில் அவள் கையை வைக்கச் சொல்லி, தாரிகாவைப் படம் எடுக்கச் சொன்னேன். “இந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டன்” என்று தாரிகா குசினிக்குள் போய்விட்டாள். மிதுனாதான் சிரித்துக்கொண்டு மற்றக் கையால் தன் போனிலேயே எடுத்துத் தந்தாள்.

அந்தக் கையை வெட்டிக் கிளெமென்றின் தோளில் ஒட்டினேன். திரையையும் கறுப்பாகவே போட்டேன். மையைப் பற்றி யோசிக்காமல் நான் அடித்த ஒரே படம் அதுதான்.

நேசம் அன்ரி வந்தபோது, “பழைய படம் மெஷினிலை சிக்கிக் கிழிஞ்சு போச்சு அன்ரி, குறை நினைக்காதையுங்கோ. இதிலை எல்லாம் இருக்கு” என்றேன். அவர் நெடுநேரம் பார்த்தார். படத்திலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். “பூசைக்கு நீங்களும் வரணும் தம்பி” என்று மட்டும் சொன்னார். அப்பாடா, தப்பினேன் என்று இருந்தது.

முப்பத்தோராம் நாள், பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். முன்னறை மேசையில் நான் அடித்த படம். அதன் முன்னால் மெழுகுதிரிகள். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபின் நேசம் அன்ரி என்னைப் படத்தருகே கூப்பிட்டார்.

“றஷ்மிக்கு அந்தக் கையில சுண்டுவிரல் பாதிதான் தம்பி. சின்னதில கதவில நசிஞ்சது.”

நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. துடைக்கிற அவசரத்தில் எங்கே பார்த்தேன்?

“இது ஆருட கை?”

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. “என்ரை மகளின்ரை” என்றேன்.

“பேர்?”

“மிதுனா.”

அவர் இன்னொரு மெழுகுதிரியைக் கொளுத்தி, அந்தக் கைக்கு நேரே நிறுத்தினார்.

“படம் கொண்டுவந்த நாள்ல இருந்து ஒவ்வொரு அந்திக்கும் இதைக் கொளுத்தி, இந்தப் பிள்ளையிட ஆத்துமா சாந்தியடையட்டும் எண்டு செபிக்கிறன். பேர் தெரியாமத்தான் செபிச்சன். இனிப் பேர் சொல்லியே செபிக்கலாம்.”

“ஐயோ அன்ரி, அவள் உயிரோடை இருக்கிற பிள்ளை! வேறை படம் அடிச்சுத் தாறன், இதைத் தாங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிச்ச படம். தர ஏலாது.”

எவ்வளவு கெஞ்சியும் தரவில்லை. கதவுவரை வந்து, கவனமாகப் போங்க என்று வழியனுப்பினார்.

இப்போது ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரத்தில் பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் போய், மிதுனாவின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறேன்.

“எனக்குக் காய்ச்சல் ஒண்டுமில்லையப்பா” என்று அவள் என் கையைத் தட்டிவிடுகிறாள்.