டியூப் லைட்டில் இல்லாத நிறம்

கல்யாணமான மறு வருஷம் செண்பகவல்லியின் கணவர் குருசாமி டியூப் லைட் வெளிச்சத்தில் இல்லாமல் போனார். கோவில்பட்டியில் அந்த ஆடியில் வேறு சில வீடுகளிலும் அந்தக் கோளாறு வந்திருந்தது.

கண் டாக்டர் வீட்டுக்கு வந்து விளக்கைத்தான் பரிசோதித்தார்.

"வெயில்ல எல்லா நிறமும் விட்டுப்போகாம இருக்கும்மா. டியூப் லைட் பார்க்க வெள்ளையா இருக்குமே தவிர, ஊடே ஊடே சில நிறம் கிடையாது. உங்க வீட்டுக்காரர் நிறம் அப்படி ஒரு இடைவெளியில இறங்கிருச்சு."

"மருந்து?"

"வெயில்ல வச்சுப் பாருங்க."

அதற்குத்தான் நேரமில்லை. அவர் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவார். அவள் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவு வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். வீட்டில் அவர் குரல் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கை நீட்டினால் நாற்காலியின் பின்னல்தான் பட்டது.

"ஏன் இப்படி இளைச்சுப்போன?" என்று குரல் கேட்கும். அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்க அவளுக்கு வழியில்லை.

குண்டு பல்பு தேடி அலைந்தாள். எந்தக் கடையிலும் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தாள். அதில் சிவப்பு கூடுதல் என்பதால் அவர் கிழவராக வந்தார். வெட்கப்பட்டு அவரே ஊதி அணைத்துவிட்டார்.

நாளாக ஆக அவர் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. மூக்கு நினைவிருந்தது. கண்கள் எப்படி இருந்தன என்று தெரியவில்லை.

ஒருநாள் மதியம் அவரைக் கடைக்கு வரச்சொன்னாள். சேலையின் நிறத்தை வாசலில் வெயிலில் வைத்துப் பார்ப்பது கடையில் வழக்கம்தான் என்பதால் மேனேஜர் போக விட்டார். கடை விளக்குகளுக்கு அடியில் இருந்த அவர் குரலை வாசலுக்குக் கூட்டிவந்தாள். வெயிலில் அவர் முழுசாக இருந்தார்.

"இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலருந்து இருக்கு, செம்பகம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது வெளுக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"வெளுக்கும்க்கா," என்றாள் செண்பகவல்லி. கடைக்கு வந்த நாள் முதல் அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

புதுமாதிரி டியூப் லைட் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கி மாட்டினாள். அதில் அவர் நிறம் இருந்தது. மச்சம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவள் நிறம்தான் இல்லை.

அவர் கைகளால் காற்றைத் துழாவினார். "செம்பகம், எங்க இருக்க?"

"உங்க பக்கத்துலதாங்க."

பழைய விளக்கையும் சேர்த்துப் போட்டாள். இருவரும் தெரிந்தார்கள். ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டும் கலந்த வெளிச்சத்தில் வாசல் கதவு இல்லாமல் போயிருந்தது. அது இருந்த இடத்தில் சுவர் ஒரே சீராக இருந்தது.

அவள் இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தாள்.