நட்புக்குப் பத்து சதவீதம்

1

இந்தக் கதை எனக்குச் சலூனில் கிடைத்தது. சொந்தக் கற்பனை என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து நாற்காலியில் கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த காளியண்ணன், "எம் மச்சினன் ஒப்பந்தத்த முறிச்சுப் போட்டானுங்க" என்றார். காடு தோட்டத் தகராறு என்று நினைத்தேன். போன் விளையாட்டு என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர் பாதிச் சவரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கதை எழுதுகிறவர்களை நம்பாதவன். முதல் வரியிலேயே சூரியனை உதிக்க விடுவார்கள். நானும் விட்டுப் பார்த்தேன்:

நாமகிரிப்பேட்டை மண்டியில் மஞ்சள் மூட்டைகளின் மேல் காலை வெயில் பொன்னாக

போதும். காளியண்ணன் மண்டிப் பக்கம் போயே நான்கு வருஷம் ஆகிறது. வேறு ஆரம்பம்:

காளியண்ணன் ஒரு ராஜா.

இது இருக்கட்டும். போனுக்குள் பார்த்தால் பொய்யும் இல்லை.

2

காளியண்ணன் இருபத்தாறு வருஷம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வண்டி போன இடமெல்லாம் போனவர். கடைசி வருஷங்களில் கூட இருந்த ஆட்கள் அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததுதான் 'ஏழு கோட்டை'. ஆளுக்கொரு ராஜ்யம். மதில் கட்டலாம், படை சேர்க்கலாம், இன்னொரு ராஜாவோடு நட்பு ஒப்பந்தம் போடலாம். ஒப்பந்தம் முறியாமல் ஓடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மதிலின் பலம் ஒரு சதவீதம் ஏறும். இதற்குப் பெயர் நட்பு போனஸ். காளியண்ணனும் அவர் மனைவியின் தம்பி மோகனூர் நவநீதகிருஷ்ணனும் போட்ட ஒப்பந்தம் முப்பத்தெட்டு மாதம் ஓடியிருந்தது. முப்பத்தெட்டு சதவீதம். அந்த மதிலை ஒருத்தனும் அசைக்கவில்லை.

ஒப்பந்தக்காரர்கள் தினமும் ஒருவருக்கொருவர் ஒரு வண்டி நெல் அனுப்பலாம். திரையில் குட்டி மாட்டுவண்டி ஒன்று கோட்டை வாசலுக்கு வந்து நிற்கும்.

போன சித்திரையில் கம்பெனி விதியை மாற்றியது. பழைய ஒப்பந்தம் எத்தனை மாதம் ஓடியிருந்தாலும் இனிப் பத்து சதவீதம்தான். புதிதாகப் போடுகிற ஒப்பந்தத்துக்கு முதல் மாதம் முப்பது. மாதம் முடிந்தால் அதுவும் பத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஆட்கள் வருஷக்கணக்கில் நட்பாகவே இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடுகிறதாம். விவரம் தெரிந்தவர்கள் மாதம் ஒருமுறை முறித்தார்கள், முறித்த கையோடு மறுபடி போட்டார்கள்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு: இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான் பதினாறு வருஷமாக ஒரே சிம் வைத்திருக்கிறேன். சலுகையெல்லாம் நேற்று வாங்கியவனுக்குத்தான்.)

விதி மாறிய நோட்டீஸ் இங்கிலீஷில் நான்கு திரை நீளத்துக்கு வந்தது. நவநீதன் ஆலையில் எழுத்தராக இருந்தவர். ஒரு வரி விடாமல் படித்தார். காளியண்ணன் மேலே தள்ளிவிட்டுப் படை பார்க்கப் போய்விட்டார்.

3

இனி போனுக்கு வெளியே.

மூன்று வருஷம் முன்பு நவநீதன் மோகனூரில் வீடு கட்டிக் குடிபோனார். அக்கா புருஷனுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் பக்கம் அப்படி அழைப்பதில்லை. வீட்டு ஆள் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, வாயால் "வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். தட்டை வாங்கிவிட்டால் போயே ஆக வேண்டும். நீட்டாத வீட்டுக்கு எவனும் போக மாட்டான். காளியண்ணன் போகவில்லை. மனைவி அங்காளம்மாளையும் அனுப்பவில்லை. அன்றோடு போக்குவரத்து நின்றது, பேச்சு நின்றது. ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. மதில் வேண்டுமே.

அங்காளம்மாளுக்கு விளையாட்டு தெரியாது. தினமும் டீ டம்ளரை நீட்டும்போது கேட்பார்.

"ஏனுங்க, மோகனூர் வண்டி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு, வந்துச்சு."

"எத்தன மணிக்குங்க?"

"அஞ்சே முக்கா."

"அப்ப நல்லாத்தான் இருக்கறான்."

ஒருமுறை இரண்டு நாள் வண்டி வரவில்லை. அங்காளம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பிறந்த வீட்டைப் பற்றி மூன்று வருஷமாக அவருக்குத் தினமும் கிடைத்த தகவல் அந்த மாட்டுவண்டி ஒன்றுதான்.

4

நோட்டீஸ் வந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காளியண்ணன் போனில் ஒரு ஓலை இரண்டாகக் கிழிந்தது. மோகனூர் ராஜா ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். அதன் கீழேயே பச்சைப் பொத்தான்: அதே ராஜாவிடமிருந்து புது ஒப்பந்தத்துக்கு அழைப்பு. எழுபத்திரண்டு மணி நேரம் கெடு. திங்கட்கிழமை காலை எட்டுக்குக் கெடு தீரும், அப்போதே எதிரிகளின் முற்றுகையும் தொடங்கும்.

நவநீதன் விதிப்படி செய்தார். காளியண்ணன் பார்த்தது கிழிந்த ஓலையை.

"பாத்தியா உந் தம்பி லட்சணத்த? முறிச்சுப் போட்டான். முறிச்சுப் போட்டு மறுக்காவும் போன்லயே கூப்புடறான்!"

"ஏதாச்சும் காரணம் இருக்குமுங்க. அந்தப் பச்சைய அமுக்கிப் போடுங்க."

"அன்னைக்கும் போன்தான், இன்னைக்கும் போன்தான். நானென்ன செல்போன் டவரா? நேர்ல வந்து கூப்புடட்டும்."

"வண்டிங்க?"

"ஒப்பந்தமே இல்ல, வண்டி எங்கிருந்துடி வரும்?"

அங்காளம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே

அவர் உள்ளே போய் அழுதார் என்று எழுத வந்தேன். கேட்டபோது, "நான் எதுக்குங்க அழுகறேன்? பாத்தரம் கழுவப் போனேன்" என்றார். அப்படியே இருக்கட்டும்.

5

இதுவரை எழுதியதைக் காளியண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"டவருன்னு நான் சொல்லவே இல்லீங்க."

"உங்க ஊட்டம்மா சொன்னாங்க."

"அவ சொன்னா எழுதிப் போடுவீங்களா? சரி, கோட்டை இருவத்திரெண்டாம் நிலைன்னு எங்க காணோம்?"

"அத விடுங்க. விதி மாறுனது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தொண்டையைச் செருமினார். "சனிக்கெழம தெரியுமுங்க. கூட ரிக்குல இருந்த பிரபாகர் போன் பண்ணிச் சொன்னான்."

"தெரிஞ்சுமா அமுக்கல?"

"அதுக்கப்பறம் அமுக்குனா, வெள்ளிக்கெழம நான் ஒண்ணும் தெரியாம கத்துனேன்னு ஆயிருமுங்களே."

விவரம் தெரியாமல் அடம் பிடித்தார், தெரிந்ததும் மனம் மாறினார் என்று முடித்துவிடத்தான் வைத்திருந்தேன். அந்த முடிவு அங்கேயே போயிற்று. ஆனால் இந்த ஒரு பதிலுக்காகவே அவரை நம்பலாம் என்று தோன்றியது. பொய் சொல்கிறவன் இவ்வளவு கேவலமான காரணத்தைச் சொல்ல மாட்டான்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அங்காளம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மோகனூர் போயிட்டு வாரேனுங்க."

"அழைக்காத ஊட்டுக்கா?"

"பொறந்த ஊட்டுக்கு என்னைய யாருங்க அழைக்கோணும்? வண்டி வந்த வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். இப்ப அதுவும் இல்ல."

ராசிபுரம், நாமக்கல், மோகனூர். மூன்று பஸ். காளியண்ணன் தடுக்கவில்லை. தடுத்ததாக என்னிடம் சொன்னார்; நம்பவில்லை.

மோகனூரில் தம்பி அக்காவுக்கு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், பிடியை மட்டும் விடவில்லை.

"மாமா பச்சைய அமுக்கட்டும்க்கா. மறு நிமிசம் நானே வாரேன்."

"நீ வந்தாத்தான் அமுக்குவாரு சாமி."

"நான் முறிச்சதே அவரு கோட்டைக்கும் சேத்துத்தான். முப்பது வருது, தெரியுமா?"

"அத அவருகிட்ட வந்து சொல்லு."

"தப்பு பண்ணாதவன் எதுக்குக்கா வரோணும்?"

இரண்டு ராஜாக்களையும் பார்த்தாயிற்று. அங்காளம்மாள் அன்று அங்கேயே தங்கி, மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை, மணி ஏழு இருபத்தைந்து. காளியண்ணன் நாற்காலியில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். கெடு முப்பத்தைந்து நிமிஷம். வாசலில் அங்காளம்மாள் நிற்கிறார். கையில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். செருப்பைக் கழற்றவில்லை. படி ஏறவில்லை.

"என்னடி அங்கயே நின்னுட்ட?"

"நான் மோகனூர்ல இருந்து வாரேனுங்க."

"அது தெரியுமே."

"நவநீதகிருஷ்ணனோட அக்கா. அந்த ஊட்ல பொறந்தவ. அவனுக்கு வர மனசில்ல, அதனால நான் வந்திருக்கறேன். நேர்ல அழைக்கறேனுங்க. ஊட்டுக்கு வந்துருங்க."

தட்டை நீட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஏய், என்ன கூத்து இது? சனம் பாக்குது."

"பாக்கட்டுமுங்க. அழைக்க வந்த ஒறம்பரைய நீங்க இப்பிடித்தான் வாசல்ல நிக்க வைப்பீங்களா?"

7

முதல் முடிவு: காளியண்ணன் எழுந்து தட்டை வாங்குகிறார், பச்சையை அமுக்குகிறார், மாட்டுவண்டி வருகிறது. எழுதி அடித்துவிட்டேன். முப்பது நாளில் மறுபடி முறித்துப் போட வேண்டும், விதி அப்படி. மாதாமாதம் இந்த அம்மா மூன்று பஸ் ஏறுவாரா?

இரண்டாவது: தட்டை வாங்குகிறார், பொத்தானை அமுக்கவில்லை. எட்டு மணிக்கு மதில் சரிகிறது. அப்போது இரண்டு பேரும் ராசிபுரம் பஸ்ஸில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். எனக்கு மட்டும் பிடித்தபடி உலகத்தில் எதுவும் நடந்ததில்லை, அதனால் சந்தேகப்படுகிறேன்.

மூன்றாவது: அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே

இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

உண்மையில் நடந்ததைக் கேட்டேன். காளியண்ணன் ஒன்று சொன்னார், அங்காளம்மாள் இன்னொன்று சொன்னார். இரண்டையும் எழுதப் போவதில்லை.

மணி ஏழு முப்பத்தொன்று. அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள். போன் உங்கள் கையில் இருக்கிறது, தட்டு வாசலில் நிற்கிறது. எழுந்து வாங்குவதும் வாங்காததும் உங்கள் பாடு. எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள். அந்த அம்மா விடிகாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.